பால் தேத்தண்ணி நிறம்

அவர் எதையும் ஒரு சொட்டு கூட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கருமி என்று நினைத்துவிட வேண்டாம், குறைத்தும் கொடுக்க மாட்டார். கோப்பி கலக்கினால் குவளையில் மேலே ஒரு விரல் இடம் விட்டு நிற்கும். சிரிப்பும் அப்படித்தான். நான் ஏதோ பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தால், உதட்டோரம் லேசாக அசைந்து அடங்கியிருக்கும். அந்த ஓர் அசைவுக்காக மூன்று நாள் யோசித்து, பேச்சைத் தயார் செய்துகொண்டு போவேன். வெட்கக்கேடு, இந்த வயதில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மலாய் நாட்டில், காஜா பெராங் தெருவில், தமிழ் மறந்து மலாய் பேசுகிற ஒரு செட்டி அம்மாளின் வீட்டுப் பின்பகுதியில் அவர் வாடகைக்கு இருந்தார். இரண்டு சந்து தள்ளி என் அறை. அவருடைய அப்பா எங்கள் துறைமுக லாஞ்சின் செராங். சுக்கான் பிடிப்பது செராங், எஞ்சின் பார்ப்பது நான். செராங் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு மகள் தனியாகத்தான் இருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தெருவே அவரை அக்கா என்றது. எனக்கு மட்டும் அந்த வார்த்தை தொண்டையை விட்டு வராது. வாசலில் நின்று செருமுவேன். வந்து எட்டிப் பார்ப்பார்.

செராங் இறந்த அன்று சாயங்காலம் யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்கள். அழுதுகொண்டிருந்த மகள் எழுந்து வந்து, அதை இரண்டடி தள்ளி வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்து இன்னும் ஓரடி தள்ளினார். "அப்பாவுக்குக் கண்ணு கூசும்" என்றார். கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கோ அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. இறந்தவருக்குக்கூட எவ்வளவு வெளிச்சம் போதும் என்று பார்க்கிற ஒருத்தியை விட்டுவிட்டு, ஒருவன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு எங்கே போவான்?

டவுனில் ஒரு சீனர் நடத்திய போட்டோ ஸ்டூடியோவில் அவருக்கு வேலை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பஞ்சாலும் தூரிகையாலும் நிறம் ஏற்றித் தர வேண்டும். ஒரு கல்யாணப் பெண்ணின் தாய், மகளைக் கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுக்கச் சொல்லி மன்றாடினாராம். இவர் மாட்டேன் என்றுவிட்டார். முதலாளியும் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் பிறகு பெண்ணை நேரில் பார்க்கும்போது படத்தைத்தான் நம்புவார்கள், பெண்ணை அல்ல என்பது இவருடைய கட்சி. முதலாளி அவரைத் திட்டிக்கொண்டே வைத்திருந்தார். அந்தக் கை வேறு யாருக்கும் வராது என்று முதலாளிக்குத் தெரியும்.

இனி அவர் வளர்த்த பவளத்தைச் சொல்கிறேன். பவளம் என்றதும் மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல்லை நினைப்பீர்கள். தெருவும் அப்படி நினைத்துத்தான் எட்டிப் பார்த்தது. தண்ணீருக்குள் இருந்ததோ தேங்காய் மூடி அகலத்தில், வரட்டி நிறத்தில் ஒரு கல். "இதுக்கா இந்தப் பாடு" என்றுவிட்டுப் போனார்கள். புலாவ் உபே தீவுக்குப் பக்கத்தில் ஒரு நாள் எங்கள் நங்கூரத்தில் மாட்டி வந்த கல் அது. செராங் அதை வாளியில் போட்டு மகளுக்குக் காட்டக் கொண்டுபோனார். மூன்று நாள்கூடத் தாங்காது என்றார். மகள் அதை இரண்டு வருஷம் வைத்திருந்தார், உயிரோடு.

மரச்சட்டமும் தார் பூச்சுமாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குக் கடல் தண்ணீர் கொண்டுவருவது என் வேலை. எங்கள் ஊர்த் தெங்கேரா கரையில் மொண்டால் வெறும் சேறு. லாஞ்சு தீவுப் பக்கம் போகும்போது மண்ணெண்ணெய்த் தகரங்களில் பிடித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவேன். காற்றுக்கு ஒரு லாரி டியூப். அதில் காற்றடித்து, மெல்லிய குழாய் ஒன்றைச் சொருகிவிட்டால் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக வந்துகொண்டிருக்கும். தினமும் மத்தியானம், அவர் ஸ்டூடியோவில் இருக்கும் நேரத்தில், நான் போய் அதற்குக் காற்றடித்துவிட்டு வர வேண்டும். பின்பக்கக் கதவுச் சாவி என்னிடம் ஒன்று இருந்தது. அந்தச் சாவியை நான் வைத்திருந்த பத்திரத்தைப் பார்த்தால் ஏதோ வங்கிச் சாவி என்று நினைப்பீர்கள்.

தண்ணீரும் காற்றும் யாரும் கொடுத்துவிடலாம். வெளிச்சம்தான் அவருடைய வித்தை. பெட்டியை முதலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்திருக்கிறார், கல் வெளுத்தது. சமையலறைக்குள் கொண்டுபோனார், சுருங்கிப்போயிற்று. பிறகுதான் பின்பக்கத் தகரக் கூரையில் ஒரு தகடை எடுத்துவிட்டு, அந்தத் திறப்புக்குக் கீழே வைத்தார். பெட்டிக்கு மேலே மல் துணி. நல்ல வெயிலுக்கு மூன்று மடிப்பு, மப்பு போட்டால் ஒன்று. காலையில் வேலைக்குப் போகுமுன் வானத்தை ஒரு பார்வை பார்ப்பார், மடிப்பை முடிவு செய்வார், போய்விடுவார். பெரும்பாலும் தப்பாது.

தப்பியதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டூடியோவில் வெயில் பட்டால் தானாகவே கறுக்கிற ஒரு தாள் உண்டு. அதன் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவார். விரல் அகலத்துக்கு நறுக்கி, சட்டென்று கறுத்துவிடாமல் நாலைந்து சுற்று எண்ணெய்த்தாளில் பொதிந்து, துணிக்கு அடியில் பெட்டி ஓரமாகத் தொங்கவிடுவார். சாயங்காலம் வந்து பிரித்துப் பார்ப்பார். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அன்றைக்குச் சரியான வெளிச்சம். கோப்பி நிறத்துக்குப் போனால் கூடிவிட்டது, நாளைக்கு ஒரு மடிப்பு அதிகம். வெளிறியிருந்தால் ஒரு மடிப்பைக் குறை. இவ்வளவுதான் கணக்கு. பிறகு கீழே உட்கார்ந்து, முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு கல்லைப் பார்ப்பார். பொழுது சாயும்போது அதன் மேலெல்லாம் அரிசி அரிசியாகச் சிறு வாய்கள் திறக்கும். அவர் அதைப் பார்ப்பார். நான் என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஐம்பத்தேழாம் வருஷம் நாடெல்லாம் சுதந்திரம் சுதந்திரம் என்று பேச்சு. எனக்கிருந்த ஒரே கவலை அவர் ஊருக்குப் போய்விடக் கூடாது என்பது. நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய அண்ணன் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவும் போய்விட்டார், அங்கே தனியாக என்ன வேலை, வந்து சேர், ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று. இடம் என்றால் மாப்பிள்ளை. செப்டம்பரில் கப்பல் என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். கல்லை என்ன செய்வதாம் என்று கேட்டேன். கேட்க வேண்டியது அதுவா? நாக்கில் வந்தது அதுதான்.

"நல்ல நிறத்தோட கொண்டுபோயி, அப்பா எடுத்த எடத்துலயே விட்டுறணும். உங்க லாஞ்சுல என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். சரி என்றேன்.

குடியுரிமைக்குப் பதிய வேண்டும் என்று ஊரே படம் எடுக்கக் கிளம்பிய சமயம். நானும் ஸ்டூடியோவுக்குப் போனேன். படம் எடுப்பது முதலாளி. ஆனால் நான் உட்கார்ந்த கோணம், ஓரமாக நிறம் ஏற்றிக்கொண்டிருந்த அவருக்குப் பிடிக்கவில்லை போலும். எழுந்து வந்து, இரண்டு விரலால் என் முகவாயைப் பிடித்து, ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினார். கூடிவிட்டது, திரும்பவும் இந்தப் பக்கம் கொஞ்சம். "ம், இது போதும்." அவ்வளவுதான், போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படத்தில் நான் எதையோ தொலைத்துவிட்டவன் போல முழிக்கிறேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, முந்தின வாரம் டவுனில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் வெள்ளையடித்தார்கள். ஸ்டூடியோவில் கூட்டம் தாங்கவில்லை, அவர் விடியாத இருட்டிலேயே மடிப்பைப் போட்டுவிட்டுப் போனால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பின்பக்கச் சுவர் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. ஒரு மத்தியானம் சுண்ணாம்பைக் கரைத்து, இரண்டு பூச்சு பளிச்சென்று அடித்துவிட்டேன். பெட்டியில் ஒரு சொட்டு தெறிக்காமல் சாக்குப் போட்டு மூடிக்கொண்டுதான் அடித்தேன். வீட்டுக்கார செட்டி அம்மாள் வந்து பார்த்துவிட்டு, அழகு அழகு என்று மலாயில் மெச்சினார். தோரணம் ஒன்றுதான் பாக்கி.

நாலைந்து நாளில் கல்லும் வெளுக்கத் தொடங்கியது. முதலில் மேல் பக்கம், பிறகு ஓரமெல்லாம். வரட்டி நிறம் போய், கடைசியில் மல்லிகைப்பூ வெள்ளை. இதுவரை அதை மதிக்காத தெரு இப்போது வந்து பார்த்து வாயைப் பிளந்தது. மெர்டேக்காவுக்கு அதுவும் புதுத்துணி கட்டிக்கொண்டது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுமுறை வந்ததும் அவர் முதன்முறையாகப் பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்தார். நான் பின்னாலேயே நின்று, எவ்வளவு அழகாகிவிட்டது பாருங்கள் என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாகப்போகிற பவளம்தான் அப்படி வெளுக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தொங்கிய தாளைப் பிரித்துப் பார்த்தார், சரியாகப் பால் தேத்தண்ணி நிறம். துணியில் மடிப்பும் சரி. பிறகு பெட்டியின் பக்கவாட்டில் கையை நீட்டினார். கையின் நிழல் சுவருக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. மேலிருந்து வருகிற வெயிலை அவர் அளந்தார், நான் அடித்த சுவரிலிருந்து இன்னொரு வெயில் பக்கவாட்டில் உள்ளே போயிருக்கிறது. துணியும் அதை மறைக்கவில்லை, தாளும் அதைப் பார்க்கவில்லை.

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க" என்று மட்டும் சொன்னார். அடுப்புக்கரியை இடித்துக் கரைத்து, அந்தச் சுவரை இரண்டு பேருமாகக் கறுப்பாக்கினோம். நாடு சுதந்திரம் வாங்கின மாதத்தில் சுவருக்குக் கறுப்பு அடிக்கிறார்களே என்று செட்டி அம்மாள் ஒரு வாரம் புலம்பினார்.

செப்டம்பர் கப்பல் போயிற்று. அவர் போகவில்லை. இதற்கு நிறம் திரும்பாமல் எப்படிப் போவது என்று அண்ணனுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உள்ளே வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. கல் வெளுத்துக் கிடக்கும்வரை அவர் இங்கேதான். என் மண்டையில் அது அப்படித்தான் பதிந்தது.

அவர் துணியை ஐந்து மடிப்பாக்கினார். பிறகு வாரத்துக்கு வாரம் யோசித்து யோசித்துத் தளர்த்தினார். அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் போனேன். நான் பேசினேன், அவர் கேட்டார். சில நாள் அவர் பேசினார். சின்ன வயதில் அப்பாவோடு லாஞ்சில் போனதை, தண்ணீருக்குள் எட்டிப் பார்த்து உள்ளே ஒரு ஊர் இருக்கிறது என்று சொன்னதை. என் ஆயுளில் நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால் அந்த ஆறு வாரத்தைத்தான் சொல்வேன். பெண்டாட்டி பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் வேறு ஏதாவது சொல்வேன்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், காற்றடிக்கப் போனவன் கல்லின் அடியோரத்தில் பழுப்பாக ஒரு கோட்டைப் பார்த்தேன். மறுநாள் கோடு அகலமாயிற்று. நிறம் திரும்புகிறது. அவர் அதை எனக்குக் காட்டிய சாயங்காலம், அளவையெல்லாம் மறந்து, பல் தெரியச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போய் நாட்காட்டியைப் புரட்டினேன். நவம்பரில் ஒரு கப்பல் இருந்தது.

மறுநாள் மத்தியானம் துணியை எடுத்தேன். அரை மணி நேரம் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு முன்னால் அந்தத் தாள் பொட்டலத்தை அவிழ்த்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அதைச் செய்ய எனக்கு எவ்வளவு சீக்கிரம் புத்தி வந்தது பாருங்கள். உச்சி வெயில் நேராகப் பெட்டிக்குள் இறங்கியது. பிறகு துணியைப் போட்டு, அதே மடிப்பு, அதே ஓரம், தாளைத் திரும்பத் தொங்கவிட்டு, டியூபுக்குக் காற்றடித்துவிட்டுப் போனேன். மறுநாளும் செய்தேன். அதற்கடுத்த நாள் ஒரு மணி நேரம்.

பழுப்புக் கோடு மறைந்தது. தாள் மட்டும் தினமும் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கெட்டிருக்குமோ என்றார். இன்னும் ஆழத்தில் போய் மொண்டு வந்து கொடுத்தேன். அதைக்கூடச் செய்தேன். துணியை ஆறாக்கினார், ஏழாக்கினார். ஒரு சாயங்காலம் நான் போனபோது கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு ஸ்டூடியோவில் ஒரு பெண்ணின் கன்னத்துக்கு நிறத்தைக் கூட்டிவிட்டாராம், படமே வீணாயிற்றாம். "என் கை கெட்டுப்போச்சு. எது எவ்வளவுன்னே தெரியமாட்டேங்குது" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தேன். உங்கள் கை கெடவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் என் ஒருவனால்தான் முடியும். சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததைத்தான் நான் செய்ததிலேயே பெரிய பாவம் என்று இப்போது நினைக்கிறேன், துணியை எடுத்ததைவிட.

முன்பு சுவர் செய்தது போல வேறு எங்கிருந்தோ வெளிச்சம் வருகிறது என்றுதான் அவர் நம்பினார். அதைக் கண்டுபிடிக்க என்னிடம் சொல்லாமல் பெட்டியின் நாலு பக்கமும், சட்டத்துக்கு அடியில், ஆள் கண்ணில் படாத இடத்தில், அதே போலப் பொதிந்த நாலு துண்டுத் தாளை வைத்திருக்கிறார். என்மேல் சந்தேகம் அவருக்குத் துளியும் இல்லை. சாயங்காலம் நான் போனபோது அவற்றை வரிசையாகத் தரையில் வைத்திருந்தார். நாலும் பால் விடாத கோப்பி ஓ நிறத்துக்குக் கறுத்திருந்தன. பக்கத்தில் வழக்கமான தாள், பால் தேத்தண்ணி நிறத்துக்குக்கூட வராமல் வெளிறி.

"எல்லாம் ஒரே தாள்ல வெட்டுனது" என்றார். நாலு பக்கமும் ஒன்றுபோலக் கறுக்க வேண்டுமென்றால் யாரோ துணியை எடுத்திருக்க வேண்டும், அந்த ஒரு தாள் மட்டும் அப்போது அங்கே இருந்திருக்கக் கூடாது; இன்னொரு சாவி என்னிடம்தான்.

கல்லின்மேல் அதற்குள் பச்சையாகப் பாசி படரத் தொடங்கியிருந்தது. இனி அது வெறும் கல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நாளிலிருந்து, எவ்வளவு நேரம், தாளை எங்கே வைத்தேன் என்பதுவரை. ஏன் செய்தேன் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. நாலு துண்டுத் தாளையும் பொறுக்கி அடுப்பில் போட்டார். சாவியைக் கேட்டார், கொடுத்தேன்.

நவம்பர் கப்பலுக்கு அவர் புறப்பட்ட காலையில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்துக்கு நான் போனேன். கூப்பிட்டு அல்ல. அவருடைய தகரப்பெட்டியை வாங்கிக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் கிளம்ப நேரம் இருந்தது. கண்டக்டர் எதிர்க் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்" என்றார். "சாமி முன்னால பூக்கட்டிப் பாப்பாங்கள்ல, வெள்ளையும் செவப்பும். நான் அந்தக் கல்லுல அப்படிப் பாத்தேன். நெறம் திரும்புனா அண்ணனுக்கு வரலன்னு எழுதிட்டு இங்கயே இருந்துடறது. வெள்ளையாவே போனா கப்பல் ஏறிடறது. பதியறதுக்குப் படங்கூட எடுத்து வச்சிருந்தேன்."

தகரப்பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"சாமி போகச் சொல்லிடுச்சுன்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். சொன்னது நீங்க."

அவ்வளவுதான் பேசினார். பேசிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எத்தனையோ வருஷம் நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டேன். இல்லை. காத்துக்கொண்டிருந்தார். போகாதீங்க என்று ஒரு வார்த்தை. அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். வாழ்நாளெல்லாம் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த இடத்தில்தான். அங்கே போய் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. கண்டக்டர் வந்துவிட்டான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் கூரைமேல் ஏறி, வழியில் அவிழ்ந்துவிடாமல் கயிற்றை நன்றாக இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இறங்கி வந்தபோது அவர் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்.